ரசீதில் ஏறாத எடை: மாற்றியமைக்கப்பட்ட கார்களும் உரிமையாளரின் பொறுப்பும்

தயாரிப்பாளர் விற்ற நிலையிலிருந்து காரைத் தம் விருப்பப்படி மாற்றியமைத்துக்கொள்ளும் வழக்கம் இந்திய நகரங்களில் பரவலாகி, அதற்கென்றே பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் சென்னை, கோவை போன்ற இடங்களில் பெருகியுள்ளன. இந்தத் தொழிலின் விளம்பரமும் வாடிக்கையாளரின் கேள்விகளும் குதிரைத்திறனையும் தோற்றத்தையும் சுற்றியே அமைகின்றன; எடையைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. பட்டறை தரும் ரசீதில் பொருளின் விலையும் கூலியும் ஜி.எஸ்.டி.யும் தனித்தனியே இருக்கும். பொருத்தப்பட்ட பொருள் எத்தனை கிலோ, கழற்றப்பட்டது எத்தனை கிலோ என்ற விவரம் அநேகமாக இருக்காது. வேகமெடுப்பு, நிறுத்தம், வளைவில் நிலைப்பு, டயரின் தாங்குதிறன் ஆகிய எல்லாவற்றையும் தீர்மானிப்பதில் எடைக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதோடு, பதிவுச் சான்றிதழில் எழுதப்படும் எடை ஒரு சட்ட விவரமாகவும் இருப்பதால், இந்த மௌனம் உரிமையாளருக்கே பாதகமாக முடிகிறது.

காரின் எடையைக் குறிக்க மூன்று அளவுகள் வழங்குகின்றன. ஆர்.சி. என்று பரவலாக அழைக்கப்படும் பதிவுச் சான்றிதழில் காணப்படும் சுமையற்ற எடை என்பது, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைப்படி, வாகனம் இயங்கும்போது வழக்கமாக அதனோடு இருக்கும் சாதனங்களை உள்ளடக்கி, ஓட்டுநரையும் உதவியாளரையும் விலக்கிக் கணக்கிடப்படும் எடையாகும். மொத்த வாகன எடை என்பது ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு அந்த வாகனம் தாங்கலாம் என்று தயாரிப்பாளர் சோதித்து உறுதிசெய்த உச்சவரம்பு. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடே சுமைதிறன். பொருத்தப்படும் ஒவ்வொரு கூடுதல் பொருளும் இந்தச் சுமைதிறனிலிருந்துதான் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பெரும்பாலான உரிமையாளர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கணக்கின் வசதிக்காக 900 கிலோ எடையும் 90 குதிரைத்திறனும் கொண்ட ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளலாம். வெறும் காரைக் கணக்கிட்டால் ஒரு டன்னுக்கு 100 குதிரைத்திறன் கிடைக்கிறது. எடை-திறன் விகிதம் எனப்படும் இந்த எண்தான் கார் எவ்வளவு சுறுசுறுப்பாக வேகமெடுக்கும் என்பதற்கான முதல் அளவுகோல். தலைக்கு 65 கிலோ என்ற கணக்கில் நால்வர் ஏறியதும் எடை 1,160 கிலோவாகி, விகிதம் 77.6க்கு இறங்குகிறது. இந்தக் காரில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும், எஃகுக் கம்பித் தடுப்பு, மேல் கேரியர், பெரிய சக்கரங்கள், கூடுதல் ஒலித்தடுப்பு விரிப்புகள் என 150 கிலோ சேர்ந்துவிட்டால், அதே நால்வருடன் விகிதம் 68.7க்குப் போகிறது. இழந்ததை எஞ்சின் வழியாக மீட்க வேண்டுமானால் ஏறத்தாழ 12 குதிரைத்திறன் கூடுதலாகத் தேவைப்படும். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினில், எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டு நிரலைத் திருத்தும் 'ரீமேப்' வேலையால் மட்டும் இந்த அளவைப் பெறுவது கடினம். ஒரே பட்டறையில், ஒரே நாளில், வேகத்திற்கென ஒரு தொகையும் அந்த வேகத்தை விழுங்கும் பொருள்களுக்கென இன்னொரு தொகையும் செலுத்திவிட்டு வருபவர்கள் குறைவல்லர்.

சுமைதிறனைக் கொண்டு பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகிறது. இதே காரின் மொத்த வாகன எடை 1,340 கிலோ என்று கொண்டால், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது 440 கிலோவை ஏற்கும். 150 கிலோ மாற்றங்களுக்குப் பிறகு மிஞ்சுவது 290 கிலோ. தலைக்கு 68 கிலோ வீதம் ஐவர் ஏறினால் 340 கிலோ ஆகிவிடுவதால், ஒரு பையைக்கூட ஏற்றாமலே கார் தன் உச்சவரம்பை 50 கிலோ மீறி நிற்கிறது. ஆவணத்தில் ஐந்து இருக்கைகள் உள்ள அந்த வாகனம் நடைமுறையில் நால்வருக்கானதாகச் சுருங்கிவிட்டது என்பது, குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும் உரிமையாளருக்கு எந்த எச்சரிக்கை விளக்காலும் அறிவிக்கப்படுவதில்லை.

நிறுத்தும் தூரத்தைப் பற்றி ஒரு தவறான எளிமைப்படுத்தல் நிலவுகிறது. பாடநூல் இயற்பியலின்படி, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், நிறுத்தும் தூரத்தின் சூத்திரத்திலிருந்து எடை நீங்கிவிடுகிறது. ஆகவே எடை கூடினாலும் பிரேக் பிடிக்கும் தூரம் மாறாது என்று சிலர் வாதிடுகின்றனர். அந்தச் சூத்திரம் இரண்டு உண்மைகளைக் கணக்கில் கொள்வதில்லை. ரப்பர் டயரின் பிடிமானம் சுமைக்குச் சரியான நேர்விகிதத்தில் கூடுவதில்லை, சுமை ஏற ஏற ஒவ்வொரு கிலோவிற்கும் கிடைக்கும் பிடிமானம் சற்றுக் குறைந்துகொண்டே போகிறது. மேலும், ஓடும் காரின் இயக்க ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றி வெளியேற்றும் வேலை டிஸ்க், டிரம் ஆகிய பிரேக் பாகங்களுடையது என்பதால், அவற்றின் கொள்ளளவுக்கு ஒரு வரம்பு உண்டு. இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைவதால், 900 கிலோ காரில் 200 கிலோ சேர்ந்தால் எல்லா வேகத்திலும் அது 22 விழுக்காடு உயர்கிறது. வேகத்தை மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 ஆக உயர்த்தினால் 56 விழுக்காடு உயர்கிறது. மாற்றியமைக்கப்பட்ட காரில் இவ்விரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன. பிரேக் மட்டும் பழைய காருக்கு வடிவமைக்கப்பட்டதாகவே தங்கிவிடுகிறது.

இதன் முழு விளைவும் மலைச் சாலைகளில் வெளிப்படுகிறது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையும், கொல்லிமலையின் 70 வளைவுகளும், வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 வளைவுகளும் தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் நன்கறிந்தவை. செங்குத்தாக 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது ஒரு வாகனம் இழக்க வேண்டிய ஆற்றல், அதே வாகனத்தை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 40 முறை முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமமானது. இதில் ஒரு பகுதியை எஞ்சினின் தடுப்பு விசையும் காற்றும் ஏற்றுக்கொள்கின்றன. மிச்சம் பிரேக்கில் வெப்பமாகத் தேங்குகிறது. கூடுதலாகப் பொருத்தப்பட்ட 150 கிலோவின் பங்கு மட்டும், 1,000 மீட்டர் இறக்கத்தில், 5 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை தாங்கினாலும், ஈரமேறிய நிலையில் தரநிலை கோருவது 140 பாகை மட்டுமே. ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால் மிதி தரையைத் தொட்டாலும் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாது. இறக்கத்தில் இரண்டாவது அல்லது முதல் கியரில் செல்லும்படி மலையடிவாரப் பலகைகள் கூறுவதன் காரணம் இதுவே; எடை கூடிய காருக்கு அந்த அறிவுரை இரட்டிப்பாகப் பொருந்தும்.

எத்தனை கிலோ என்ற கேள்விக்கு நிகரான முக்கியத்துவம் அந்தக் கிலோ எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் உண்டு. சக்கரத்தில் கூடும் எடை, காரோடு சேர்ந்து முன்னேறுவதோடு தானும் சுழல வேண்டியிருப்பதால், வேகமெடுப்பைப் பொறுத்தவரை இருக்கையில் வைத்த எடையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல், டயரின் வெளிவிளிம்பில் இருந்தால், இரண்டு மடங்கு வரை சுமையாக அமைகிறது. பத்து மடங்கு என்று சொல்லி விலையுயர்ந்த இலகு சக்கரங்களை விற்பவர்களின் கணக்கிற்கு இயற்பியலில் ஆதாரமில்லை. சஸ்பென்ஷன் தாங்காத எடை, அதாவது ஸ்பிரிங்கிற்குக் கீழே சாலையோடு நேரடியாக மேலும் கீழும் ஆடும் சக்கரம், டயர், பிரேக் ஆகியவற்றின் எடை கூடும்போது, பள்ளத்தில் விழுந்த டயர் மீண்டும் சாலையைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது. தொடாத டயரால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

சக்கர மாற்றத்தில் இன்னொரு கண்ணி உண்டு. டயரின் பக்கவாட்டில், அளவையடுத்து வரும் இரண்டு இலக்க எண் அதன் சுமைக் குறியீடு. அது கிலோவில் எழுதப்படாததால் பலர் அதைக் கவனிப்பதில்லை. 88 என்ற குறியீடு ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், 84 என்பது 500 கிலோ தாங்கும் என்பதையும் குறிக்கும். 185/65 ஆர்15 அளவில் 88 குறியீட்டோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டு, தோற்றத்திற்காக 195/50 ஆர்16 அளவில் 84 குறியீடுள்ளவற்றைப் போடும் ஒருவர், காரின் எடையைக் கூட்டிய அதே கையால் நான்கு டயர்களின் மொத்தத் தாங்குதிறனை 240 கிலோ குறைத்துவிடுகிறார். அகலமான டயர் வலுவானதாகத்தான் இருக்கும் என்ற பொதுவான நம்பிக்கை இங்கே பொய்க்கிறது.

கூரைமேல் ஏற்றும் எடை தனிக் கவனத்திற்குரியது. முகாம் பயணங்களுக்காகக் கூரையில் கூடாரம் பொருத்தும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் பரவியுள்ளது. தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, அமைந்த 1,310 கிலோ காரின் கூரையில், 1.7 மீட்டர் உயரத்தில் 60 கிலோவை வைத்தால் அந்த மையம் 5 சென்டிமீட்டர் உயர்கிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த உயர்வு, வளைவில் கார் கவிழாமல் தாங்கும் எல்லையை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைத்துவிடும். சஸ்பென்ஷனை உயர்த்தும் 'லிஃப்ட் கிட்' ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் குறைவு இன்னும் மோசமாகும். கூரை தாங்கக்கூடிய எடையைத் தயாரிப்பாளரின் கையேடு தனியாகக் குறிப்பிட்டிருக்கும். கேரியரின் எடையும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும்.

முன்பம்பருக்கு வெளியே பொருத்தப்படும் 'புல் பார்' எனும் எஃகுத் தடுப்பில் எடை முன்னச்சின் முன்னே தொங்குவது ஒரு குறை என்றால், மோதலில் அது செய்யும் கேடு அதைவிடப் பெரியது. மோதும் வேளையில் காரின் முன்பகுதி படிப்படியாக நசுங்கி ஆற்றலை உறிஞ்சும்படியும், அந்த நசுங்கலின் வேகத்தை உணரிகள் அளந்து ஏர்பேக்கை விரிக்கும்படியும் அமைக்கப்பட்டிருக்க, சட்டகத்தோடு நேராக இறுக்கப்பட்ட எஃகுக் கம்பி அந்த நசுங்கும் பகுதியைத் தாண்டி விசையை உள்ளே கடத்துகிறது. ஏர்பேக் விரியும் கணமும் குழம்பக்கூடும். பாதசாரி ஒருவர் மேல் மோதினால் காயம் கடுமையாவது சொல்லாமலே விளங்கும். இத்தகைய தடுப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு மாறானவை என்று சுட்டிக்காட்டி, அவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது.

சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுக் கருவியைப் பின்னர்ப் பொருத்துவது, உரிய ஒப்புதலோடு செய்யப்பட்டால், சட்டம் அனுமதிக்கும் மாற்றம். ஆயினும் எடையின் பார்வையில் அதுவே மிகப் பெரிய ஒற்றை மாற்றமாக இருக்கக்கூடும். ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய 60 லிட்டர் எஃகு சிலிண்டரும் அதன் தாங்கியும் குழாய்களும் வாயுவும் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டுவது இயல்பு, அத்தனையும் பின்னச்சின் மேல் இறங்குகிறது. தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி.யோடு வரும் கார்களில் ஸ்பிரிங் அமைப்பு அதற்கேற்ப வகுக்கப்பட்டிருக்கும். வெளியே பொருத்தும்போது பழைய ஸ்பிரிங்கே தொடர்வதால் பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கின் ஒளி மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. விளக்கின் கோணத்தைச் சரிசெய்யச் சில நிமிடங்களே ஆகும் என்றாலும் அதைக் கேட்டுப் பெறுபவர்கள் சிலரே. சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டியதும் உரிமையாளரின் கடமையாகும்.

எடையைக் கூட்டுவது கேடு என்றால் குறைப்பது நன்மை என்று முடிவுகட்டத் தோன்றும். சாலையில் ஓடும் காருக்கு அந்த முடிவு பாதியளவே பொருந்தும். தேவையற்ற சாமான்களை இறக்குவதும், தயாரிப்பாளர் ஏற்ற அளவில் இலகுவான சக்கரம் போடுவதும் பயன் தருபவை. 45 கிலோ குறைந்தால் எரிபொருள் செலவில் ஏறத்தாழ 1 விழுக்காடு மிஞ்சும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. ஆனால் பட்டறைகளில் 'வெயிட் ரிடக்ஷன்' என்ற பெயரில் கழற்றப்படுபவை பின்னிருக்கை, பம்பருக்குள் இருக்கும் எஃகு விட்டம், கதவுக்குள் இருக்கும் பக்கமோதல் தடுப்புக் கம்பி, சில வேளைகளில் ஏர்பேக்கோடு கூடிய ஸ்டீயரிங் சக்கரம் ஆகியவை. பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பதில் சாதாரண பிளாஸ்டிக் தகடு வைப்பவர்களும் உண்டு. பின்பகுதியின் எடை மட்டும் பெருமளவு குறைந்துவிட்டால், கடும் பிரேக்கின்போது பின்சக்கரங்கள் பிடிமானத்தை விரைவில் இழக்கும். முன்பின் பிரேக் விசையைப் பங்கிடும் அமைப்பு பழைய எடைப் பரவலுக்கே அளவிடப்பட்டிருப்பதால், கார் தன் அச்சிலேயே சுழலும் அபாயம் கூடுகிறது.

இந்த இடத்தில் பந்தயக் கார்களை முன்னுதாரணமாகக் காட்டுவது வழக்கம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் உள்ள பந்தயத் தடங்களில் ஓடும் கார்கள் உள்ளலங்காரம் முழுவதும் நீக்கப்பட்டவைதாம். ஆனால் அந்தக் காரின் ஓட்டுநர் தலைக்கவசமும் பலமுனைப் பட்டையும் அணிந்து, உடலைச் சூழ்ந்த எஃகுக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கிறார். பந்தய வகுப்புகளின் விதிகள் குறைந்தபட்ச எடையை நிர்ணயித்து, அதற்குக் கீழே இறங்கிய காருக்குச் சுமைக்கல் ஏற்றச் செய்கின்றன. எடைக் குறைப்பைப் போட்டியின் உயிர்நாடியாகக் கொண்டவர்களே அதற்கு எல்லை வகுத்திருக்கையில், தலைக்கவசமின்றி, பின்னிருக்கை கழற்றி, கூண்டு மட்டும் பொருத்திச் சாலையில் ஓட்டுபவர் இரண்டு உலகங்களின் ஆபத்தையும் ஒருசேர வாங்கிக்கொள்கிறார். மோதலில் காப்பற்ற தலை அந்த எஃகுக் குழாயின் மேல்தான் முதலில் இடிக்கும்.

சட்டத்தின் நிலைப்பாடு பலரும் எண்ணுவதைவிடக் கண்டிப்பானது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை எந்த உரிமையாளரும் மாற்றக்கூடாது என்பது 52ஆம் பிரிவின் சாரம். கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. வேறு எரிபொருளுக்கு மாற்ற அங்கீகரிக்கப்பட்ட கருவியைப் பொருத்துவதற்கும், மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டிற்காக வாகனத்தைத் தகவமைப்பதற்கும் விதிவிலக்குகள் உள்ளன. அனுமதியோடு செய்த மாற்றத்தையும் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, சான்றிதழில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள வாகனமானால் பதிவுபெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வ இசைவு முன்னதாகவே தேவை. தொழிற்சாலைக் காரை மின்சாரக் காராக மாற்றுவோர், எஞ்சினையும் தொட்டியையும் கழற்றிய பின் பேட்டரி எங்கே அமர்கிறது, அச்சுகளின் மேல் எடை எப்படிப் பிரிகிறது என்பதையும் சோதித்து ஒப்புதல் பெற்ற கருவியை மட்டுமே ஏற்க வேண்டும்.

தண்டனையைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டின் திருத்தம் புகுத்திய 182ஏ பிரிவு, அனுமதியில்லா மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் வீதம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. கம்பித் தடுப்பு, சக்கரம், சைலன்சர் எனத் தனித்தனியே எண்ணினால் தொகை விரைவில் ஏறும். அதே பிரிவில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு: விதிகளுக்கு மாறாக வாகனத்தை விற்கும் அல்லது மாற்றும் டீலருக்கு ஓராண்டு வரை சிறையோ, வாகனம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம், வாகனப் பழுதுபார்ப்பைத் தொழிலாகக் கொண்டவரையும் டீலர் என்ற சொல்லின் வரையறைக்குள் சட்டம் சேர்த்திருக்கிறது. 'எல்லாரும் போடுறாங்க சார், ஒண்ணும் ஆகாது' என்று உறுதி கூறும் பட்டறைக்காரர் தம்மையும் அந்த உறுதிக்குள் அடக்கியே பேசுகிறார் என்பதை அவரே அறியாமல் இருக்கலாம்.

காப்பீட்டில் இரண்டு பகுதிகளைப் பிரித்தறிய வேண்டும். விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை மறுப்பதற்குக் காப்பீட்டு நிறுவனம் எழுப்பக்கூடிய வாதங்களைச் சட்டத்தின் 150ஆம் பிரிவு வரையறுத்துள்ளது. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ வாகனத்தைப் பயன்படுத்தியதும், முக்கிய விவரத்தை மறைத்துப் பாலிசி பெற்றதும் அவற்றுள் அடங்கும். பாதிக்கப்பட்டவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளலாம். சொந்தக் காரின் சேதத்திற்கான உரிமைக்கோரல் வேறு வகையானது: அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்டி நிறுவனம் முழுத் தொகையையும் மறுக்க முற்படுவது இயல்பு. ஆயினும் பாலிசி நிபந்தனை மீறப்பட்டாலே எல்லாம் போயிற்று என்றாகிவிடாது. வாகனம் பயன்படுத்தப்பட்ட விதத்தில் நிபந்தனை மீறப்பட்ட ஒரு வழக்கில், 2010ஆம் ஆண்டு, அமலேந்து சாகு வழக்கின் தீர்ப்பில், கோரிக்கையை முற்றாகத் தள்ளாமல் 75 விழுக்காடு வரையிலான தொகையில் தீர்க்கும் முறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பொருத்திய ஸ்பீக்கருக்கு ஏற்பட்ட சேதத்திற்கும் பிரேக் செயலிழந்து நேர்ந்த விபத்திற்கும் மாற்றத்தோடு உள்ள தொடர்பு ஒன்றல்ல. மறுப்புக் கடிதம் அந்தத் தொடர்பை விளக்குகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. சி.என்.ஜி. கருவியையோ கூடுதல் சாதனங்களையோ முன்கூட்டியே தெரிவித்து, சிறிய கூடுதல் பிரீமியம் செலுத்தி, பாலிசியில் ஏற்றிக்கொள்ளும் வழி எப்போதும் உண்டு.

மறுப்பை ஏற்காதவர் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகள் அவர் வரம்பில் வரும்.

பட்டறையின் மீதான குறைக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி திறக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அது பயன் தராவிட்டால், செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருக்கும்போது, தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்கிடலாம். 5 லட்சம் வரையிலான வழக்கிற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு எதிர்த்திசையிலும் வெட்டுகிறது: தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்ட நிலையில் இருந்திருந்தால், பொருளின் குறைபாட்டுக்கான பொறுப்பு வழக்கை விற்பனையாளர் மேல் தொடுக்க முடியாது. புதிய காரில் உண்மையிலேயே இருந்த ஒரு குறைபாட்டுக்கான பரிகாரத்தை, அதோடு தொடர்பே இல்லாத ஒரு மாற்றத்தால் இழக்க நேரும் அபாயத்தை, வாங்கிய முதல் மாதத்திலேயே பட்டறைக்குச் செல்பவர்கள் எடைபோட வேண்டும். வாரண்டியின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

இவ்வளவு சிக்கலுக்கும் அடிப்படையான சான்றைப் பெறுவது மலிவானது. லாரிகளுக்கான எடைமேடைகள் நெடுஞ்சாலை ஓரங்களிலும் சந்தைகளிலும் இருக்கின்றன. மாற்றத்திற்கு முன்னும் பின்னும், ஒரே அளவு எரிபொருளோடு, ஆளில்லாமல், காரை நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்கினால் அச்சுவாரியான பரவலும் கிடைத்துவிடும். பெரிய மேடைகள் 5 அல்லது 10 கிலோ படிகளிலேயே எடை காட்டும் என்பதால் சிறிய சாதனங்களின் எடையைத் தனியே கேட்டறிவது நல்லது. மேடையில் சட்டமுறை எடையளவுத் துறையின் நடப்பாண்டு முத்திரை உள்ளதா என்று பார்த்துக்கொண்டால் சீட்டின் சான்றுமதிப்பு உறுதிப்படும். ரசீதில் ஒவ்வொரு பொருளின் பெயர், எடை, அங்கீகார எண் ஆகியவற்றை எழுதித் தரும்படியும், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரும்படியும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. எழுதித் தர மறுக்கும் பட்டறை எதை மறைக்கிறது என்று ஆராய்வதைவிட வேறு பட்டறைக்குச் செல்வது எளிது.

பழைய கார் வாங்குபவருக்கும் இதே சீட்டு உதவும். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களோடு கார் கைமாறும்போது, சாலையில் தணிக்கைக்கு நிறுத்தப்படுபவரும் விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளரின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவரும் புதிய உரிமையாளரே. பேரம் முடியுமுன் காரை எடைமேடையில் ஏற்றி, கிடைத்த எண்ணை ஆர்.சி.யில் உள்ள சுமையற்ற எடையோடு ஒப்பிட்டு, தொட்டியிலுள்ள எரிபொருளைக் கழித்தும் சில பத்து கிலோவிற்கு மேல் வேறுபாடு தெரிந்தால், அந்த எடை எங்கே இருக்கிறது அல்லது எங்கிருந்து கழற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். தரைவிரிப்பின் கீழ் மறைந்த கூடுதல் தகடா, கதவுக்குள் காணாமல் போன தடுப்புக் கம்பியா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. விற்பவர் பழைய பாகங்களை மீண்டும் பொருத்தி, எண் பொருந்தும் நிலையில் காரை ஒப்படைக்க இசைந்தால், அந்த இசைவை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி, எடைச்சீட்டின் நகலையும் அதனோடு இணைத்துக்கொள்ளலாம்.